இருக்கிற நிலத்தை இருக்கிறபடி அளந்து எழுதித் தரக் கோரும் மனு

அனுப்புநர்:
5-ஆம் எண் மனையின் உரிமையாளர்,
கால்வாய் ஓரத் தெரு, கே.ஆர்.புரம் பகுதி, பெங்களூரு.

பெறுநர்:
நில அளவைப் பிரிவின் உயரதிகாரி அவர்கள், பெங்களூரு.

பொருள்: கிரயப் பத்திரத்தில் 1200 சதுர அடி, தரையில் 1035 சதுர அடி – எங்கள் வரிசையின் ஐந்து மனைகளையும் கூட்டாக அளந்து, உண்மையான பரப்பளவுக்குச் சான்று தரக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: எனது மனுக்கள் – 2025 மார்ச், 2025 ஜூன், 2025 அக்டோபர். மூன்றுக்கும் பதில் வரவில்லை.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். முதல் மூன்று மனுக்களையும் ஆள் வைத்துக் கன்னடத்தில் டைப் செய்து கொடுத்தேன். அதில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது, ஆனால் நான் சொல்ல நினைத்தது வரவில்லை. இந்த முறை என் மொழியில் நானே எழுதுகிறேன். கன்னடப் பெயர்ப்பை என் மகள் செய்து இதனுடன் இணைத்திருக்கிறாள். 42 வருடமாக இந்த ஊரில் இருக்கிறேன். கன்னடம் நன்றாகப் பேசுவேன், எழுத மட்டும் கை வராது. அதைக் குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எங்கள் தெருவைத் தங்களுக்குத் தெரியும். தொங்கு பாலம் தாண்டி உள்ளே வந்தால் மாரியம்மன் கோயில், அதற்குப் பின்னால் ராஜகாலுவே என்கிற பெரிய மழைநீர்க் கால்வாய், அந்தக் கால்வாய்ச் சுவரில் முட்டி நிற்கிற கடைசி வீடு என்னுடையது. போன வருட மழையில் கால்வாய் நிரம்பித் தண்ணீர் தெருவுக்குள் வந்தபோது தாங்களே கோயில் வரைக்கும் வந்து நின்று பார்த்தீர்கள். அங்கிருந்து என் வீடு 60 அடிகூட இல்லை.

1. 2004-இல் இந்த மனையை வாங்கினேன். தொழிற்சாலையில் விருப்ப ஓய்வில் வந்த பணம். சதுர அடி 300 ரூபாய், 1200 சதுர அடிக்கு 3,60,000 ரூபாய். அன்றைக்கு அது ரெவின்யூ சைட், அதாவது விவசாய நிலத்தை முறையான அனுமதி இல்லாமல் மனையாகப் பிரித்தது. பத்திரத்தில் கிழக்கு மேற்கு 30 அடி, தெற்கு வடக்கு 40 அடி, செக்குபந்தி, அதாவது எல்லை, வடக்கே 4-ஆம் எண் மனை, தெற்கே கால்வாய். முத்திரைக் கட்டணமும் பதிவுக் கட்டணமும் முழு 1200-க்கும் கட்டினேன். பத்திரம் எழுதியவர் கன்னடத்தில் படித்துக் காட்டினார், நான் கையெழுத்துப் போட்டேன். மனையை விற்றவரின் ஆள் கயிறு பிடித்து அளந்து கல் நட்டார். டேப் வைத்து நான் அளந்து பார்க்கவில்லை. அது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன்.

2. எங்கள் வரிசையில் வடக்கிலிருந்து தெற்காக ஐந்து மனைகள். ஒவ்வொன்றும் பத்திரத்தில் 40 அடி, மொத்தம் 200 அடி. ஆனால் முதல் மனையின் மூலைக்கல்லிலிருந்து கால்வாய்ச் சுவர் வரை தரையில் இருப்பது 189 அடி. மீதி 11 அடி எங்கே போனது என்று தாய் பத்திரத்தையும் பழைய சர்வே வரைபடத்தையும் தேடி எடுத்துப் பார்த்தேன். கால்வாயை ஒட்டிய துண்டு பி கராபு என்று அதிலேயே இருக்கிறது. ஓடைக்கும் வண்டிப் பாதைக்கும் பொதுவில் ஒதுக்கிய நிலம், யாரும் விற்க முடியாது. விற்றவர் அதையும் சேர்த்துத் தாளில் கோடு போட்டு ஐந்து மனையாக்கிவிட்டார். முதல் மூன்று பேருக்கு முழு 40 அடி கிடைத்துவிட்டது. மிஞ்சிய 69 அடியைப் பாதி பாதியாக எனக்கும் 4-ஆம் எண்ணுக்கும் கல் நட்டுக் கொடுத்தார். ஆளுக்கு 34 அடி 6 அங்குலம். அதாவது ஆளுக்கு 1035 சதுர அடி, 165 சதுர அடி குறைவு. அன்றைய விலையில் 49,500 ரூபாய். அந்தப் பணத்தை நான் இப்போது கேட்கவில்லை. விற்றவர் இறந்துவிட்டார்.

3. 4-ஆம் எண் மனையை 2021-இல் வேறொருவர் வாங்கினார். 2024 அக்டோபரிலிருந்து இ-காத்தா, அதாவது மாநகராட்சியின் கணினிச் சொத்துப் பதிவு, இல்லாமல் பெங்களூரில் வீட்டையோ மனையையோ பத்திரம் பதிய முடியாது என்று ஆனதும் அவரும் அளந்து பார்த்தார். பத்திரத்தில் 40, தரையில் 34½. தன் வடக்குச் சுவரிலிருந்து டேப்பை இழுத்தால் 40-ஆவது அடி என் இடத்துக்குள் ஐந்தரை அடி வந்து விழுகிறது. நான் கால்வாய்ச் சுவரிலிருந்து இழுத்தால் 40-ஆவது அடி அவர் வீட்டுப் படுக்கையறைக்குள் விழுகிறது. அவரும் கடன் வாங்கித்தான் வீடு வாங்கியிருக்கிறார். அவரைக் கெட்டவர் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. இரண்டு பேர் கையிலும் முத்திரை குத்திய பத்திரம் இருக்கிறது, இரண்டிலும் 1200 என்று எழுதியிருக்கிறது.

4. அந்த ஐந்தரை அடிக்குள்தான் என் வீட்டு மாடிப்படி இருக்கிறது.

2009-இல் கட்டிய வெளிப்படி. 2025 பிப்ரவரியில் ஒரு நாள் நாங்கள் கல்யாணத்துக்குப் போயிருந்த நேரத்தில், அவர் அழைத்து வந்த கொத்தனார்கள் கீழ் ஆறு படியையும் திருப்பத்தைத் தாங்கிய தூணையும் இடித்துவிட்டார்கள். காவல் நிலையத்துக்குப் போனோம். இது சிவில் விஷயம், சர்வே ரிப்போர்ட் வரட்டும், அதுவரைக்கும் இரண்டு பேரும் கை வைக்கக்கூடாது என்று எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். அவரும் கை வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை. இன்றைக்கு வரைக்கும் அந்தப் படி பாதியில் தொங்குகிறது. கம்பி துருப்பிடித்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது.

மாடியில் என் அம்மா இருக்கிறார் ஐயா. வயது 82.

கீழ்வீட்டில் இருக்கலாமே என்று தங்கள் அலுவலகத்தில் ஒருவர் கேட்டார். கீழ்வீட்டை ஏழு லட்சத்துக்கு லீசுக்கு விட்டிருக்கிறேன், மாத வாடகை கிடையாது, காலி செய்யும்போது முழுப் பணத்தையும் திருப்பித் தர வேண்டும், அந்தப் பணம் மகள் கல்யாணத்துக்குச் செலவாகிவிட்டது. லீசு 2025 மே மாதமே முடிந்தது. குடியிருப்பவர் நல்ல மனிதர், பணத்தைக் கொடுங்கள், காலி செய்கிறேன் என்கிறார். பணத்துக்குக் கடன் கேட்டேன். கடன் தரும் நிறுவனத்தின் ஆள் வந்து அளந்தார், 1035 என்று எழுதினார், பத்திரத்தில் 1200 இருக்கிறது, பொருந்தவில்லை, அதோடு இ-காத்தாவும் வேண்டும் என்றார்கள். இ-காத்தாவுக்குச் சொத்து வரி எண், ஆதார், பெஸ்காம் மின் இணைப்பின் ஆர்.ஆர். நம்பர், வில்லங்கச் சான்று, வீட்டின் புகைப்படம் எல்லாம் கொடுத்தேன். அளவு ஒத்துவரவில்லை என்று அதுவும் நிற்கிறது. அளவைச் சரிசெய்ய வேண்டுமானால் தங்கள் சர்வே வேண்டும்.

அதனால் அம்மா மாடியில்தான் இருக்கிறார். தெரிந்த வெல்டரிடம் இரும்பு ஏணி வாங்கிச் சாய்த்து வைத்திருக்கிறேன். நானும் என் மனைவியும் அதில் ஏறி இறங்குகிறோம். மழை பெய்தால் வழுக்கும், சாக்குப் போட்டுக் கட்டியிருக்கிறோம். கேஸ் சிலிண்டர் கொண்டுவருபவர் ஏணியில் ஏற மாட்டேன் என்கிறார், அவரைக் குறை சொல்ல முடியாது, நானே கயிறு கட்டி இழுக்கிறேன். எனக்கு வயது 63. அம்மாவை ஏணியில் இறக்க முடியாது. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, சேலையால் சேர்த்துக் கட்டி, மேலே இரண்டு பேர், கீழே இரண்டு பேர் பிடித்து இறக்க வேண்டும். 11 மாதத்தில் நான்கு முறை இறக்கினோம். இரண்டு முறை கண் ஆஸ்பத்திரிக்கு, ஒரு முறை ரேஷன் கார்டுக்குக் கைரேகை வைக்க, இன்னொரு முறையைக் கீழே சொல்கிறேன். இறங்கும்போது கண்ணை மூடிக்கொண்டு முருகா முருகா என்றே சொல்லிக்கொண்டிருப்பார்.

காய்கறி வண்டி வந்தால் கூடையைக் கயிற்றில் இறக்கி வாங்குகிறார். ஆடி மாதம் கோயிலில் கூழ் ஊற்றினார்கள். 20 வருடமாக அந்தக் கூழுக்குக் கேழ்வரகு புடைத்துக் கொடுத்தவர், மேலே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். யாரோ சொம்பில் கொண்டுவந்து கூடையில் வைத்தார்கள்.

2025 செப்டம்பரில் ஆம்பூரில் என் தாய்மாமன் இறந்துபோனார். அம்மாவுக்குக் கூடப்பிறந்தவர் அவர் ஒருவர்தான். இரவு பதினொன்றரைக்குப் போன் வந்தது. உடனே புறப்பட்டிருந்தால் விடிவதற்குள் போயிருக்கலாம். அம்மாவை இறக்க நாலு ஆள் வேண்டும், அந்த நேரத்தில் யாரை எழுப்புவது? கீழ்வீட்டுக்காரர் ஊரில் இல்லை. நானும் என் மனைவியும் தனியாக முயற்சி செய்தோம். நாற்காலி பாதியில் சாய்ந்தது, பயந்துபோய் மேலேயே இழுத்துக்கொண்டோம். விடிந்த பிறகு ஆள் பிடித்து இறக்கி, கார் பேசிப் போய்ச் சேர்ந்தபோது எடுத்துவிட்டிருந்தார்கள். உடம்பு தாங்காது, வைத்திருக்க முடியவில்லை என்றார்கள். அம்மா தம்பியின் முகத்தைப் பார்க்கவில்லை. திரும்பி வரும்போது வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டு வாசலில் காரிலிருந்து இறங்கி, அந்த நாற்காலியைப் பார்த்ததும், நான் இங்கேயே தெருவில் இருந்துகொள்கிறேன் என்றார். இதை எந்த மனுவில், எந்த எண் போட்டு எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

5. நான் போன இடங்கள். பதிவு அலுவலகத்தில், பத்திரத்தில் எழுதியதைப் பதிவோம், தரையை அளப்பது எங்கள் வேலையல்ல என்றார்கள். மாநகராட்சியில், பத்திரத்தில் இருப்பதுதான் எங்களுக்குக் கணக்கு என்றார்கள். அப்புறம் மாநகராட்சி ஐந்தாகப் பிரிந்தது, என் கோப்பு எந்தப் பக்கம் போனது என்று கேட்டால் அதற்குத் தனியாக மனு கொடுக்கச் சொன்னார்கள். தங்கள் பிரிவில், இது போடி ஆகாத, அதாவது உட்பிரிவு செய்யாத, சர்வே நம்பர், தனி மனையை அளக்க முடியாது என்று வாய்வார்த்தையாகச் சொன்னார்கள். அதையாவது எழுத்தில் கொடுங்கள் என்றேன், கொடுக்கவில்லை. பிழை திருத்தப் பத்திரம் போடலாமே என்றார் ஒருவர். அதற்கு விற்றவர் கையெழுத்து வேண்டும், வாரிசுகள் ஐந்து பேரும் ஆளுக்கொரு ஊரில் இருக்கிறார்கள், இருவர் போனையே எடுப்பதில்லை. கோர்ட்டுக்குப் போ என்கிறார்கள். அளவும் எல்லையும் முரண்பட்டால் பெரும்பாலும் எல்லைதான் நிற்கும் என்று வக்கீல் சொன்னார். சரி, நிற்கட்டும். ஆனால் தீர்ப்பு வர எத்தனை வருடம் ஆகும் என்று கேட்டதற்கு அவர் பதில் சொல்லவில்லை. என் அம்மாவுக்கு 82 வயது என்று மறுபடியும் சொல்ல வேண்டியிருக்கிறது.

6. ஐயா, கோபத்தில் எழுதுவதாக நினைக்க வேண்டாம். ஆனால் எத்தனை முறை? மூன்று மனு, பதினாறு முறை நேரில். ஒவ்வொரு முறையும் டோக்கன், ஒவ்வொரு முறையும் சர்வேயர் ஃபீல்டுக்குப் போயிருக்கிறார். எந்த ஃபீல்டுக்கு? எங்கள் தெருவுக்கு ஒரு நாளும் வரவில்லையே! கோயில் வரைக்கும் வந்தவர்கள் இன்னும் 60 அடி நடந்திருந்தால் அந்தப் படியைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் காலத்தில் 33 அடிச் சங்கிலியை இழுத்துக்கொண்டு காட்டிலும் மேட்டிலும் நடந்து இந்த ஊரையே அளந்து வைத்தது தங்கள் துறைதான். 33-க்கு 33, 1089 சதுர அடி ஒரு குண்டா என்று இன்றைக்கும் அந்தக் கணக்கில்தான் நிலம் விற்கிறது. எனக்கு வேண்டியது ஒரு குண்டாவிலும் குறைந்த ஒரு துண்டின் அளவு. அரை நாள் வேலை.

7. நான் கேட்பது இவ்வளவுதான். ஐந்து மனைக்காரர்களுக்கும் நோட்டீஸ் கொடுத்து, ஒரே நாளில், எல்லார் முன்னிலையிலும், மூலைக்கல்லிலிருந்து கால்வாய்ச் சுவர் வரை அளக்க வேண்டும். முதல் மூன்று பேரிடமும் பேசிவிட்டேன், சம்மதம் என்று கையெழுத்துப் போட்டுத் தந்திருக்கிறார்கள், இணைத்திருக்கிறேன். 4-ஆம் எண்காரரிடமும் போன வாரம் நானே போய்ப் பேசினேன். அரசாங்கம் அளந்து 34½ என்று எழுதிக் கொடுத்தால் நானும் ஒத்துக்கொள்கிறேன், எனக்கும் இ-காத்தா ஆக வேண்டும் என்று சொல்லி அவரும் கையெழுத்துப் போட்டார். சண்டைக்காரரே கையெழுத்துப் போட்டுவிட்டார் ஐயா. இனி யாருடைய கையெழுத்து பாக்கி?

இல்லாத 165 சதுர அடியை நான் கேட்கவில்லை. கராபு நிலத்தில் ஒரு அங்குலம்கூட எனக்கு வேண்டாம், அது ஓடைக்கு இருக்கட்டும். 1035 இருக்கிறதா, 1035 என்று எழுதித் தாருங்கள். அளக்கும்போது இன்னும் பத்து சதுர அடி குறைந்தாலும் அதையே எழுதுங்கள், சம்மதம். அந்த ஒரு தாளைக் காட்டினால் படியைக் கட்டிக்கொள்ளலாம் என்று காவல் நிலையத்திலேயே சொல்லியிருக்கிறார்கள். கடனும் காத்தாவும் அப்புறம் வரட்டும், அதற்கு நான் அலைந்துகொள்கிறேன். முதலில் படி.

8. தை மாதம் என் தாய்மாமன் மகனுக்குக் கல்யாணம். தந்தை இல்லாத வீடு, அத்தை வந்து தாலியைத் தொட்டுக் கொடுக்க வேண்டும் என்று பையன் கேட்டிருக்கிறான். அம்மா வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை. மாடியிலிருந்து அந்த ஏணியைப் பார்க்கிறார்.

தயவுசெய்து இந்த முறை தேதி ஒன்றைக் குறித்து எழுத்தில் தாருங்கள். எந்த நாள் என்றாலும் சரி, ஞாயிற்றுக்கிழமை என்றாலும் சரி. சங்கிலி பிடிக்க ஆள் இல்லை என்றால் ஒரு முனையை நான் பிடிக்கிறேன், மறுமுனையை 4-ஆம் எண்காரர் பிடிப்பார். கேட்டுவிட்டேன், வருவதாகச் சொன்னார்.

இப்படிக்கு,
தங்கள் பணிவுள்ள,
5-ஆம் எண் மனைக்காரர்.