ஓராங் அஸ்லி மக்களைப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லித் தருகிறோம்?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். தேசிய மாதம், பண்பாட்டு நாள் என்று வந்தாலே பள்ளி மேடையில், மலேசியப் பூர்வகுடிகளான ஓராங் அஸ்லி மக்களின் வேடம் ஒன்று ஏறிவிடுகிறது. என் மகள் படிக்கும் பள்ளியில் அண்மையில் ஐந்தாம் ஆண்டு மாணவர்கள் முகத்தில் கரி பூசி, பச்சைக் குப்பைப் பையைக் கீற்றுக் கீற்றாகக் கிழித்து இடுப்பில் கட்டிக்கொண்டு, வாயைத் தட்டிக் கூச்சல் போட்டபடி ஓடி வந்தார்கள். பெற்றோர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. பிள்ளைகள் மேல் குறையில்லை, சொல்லிக் கொடுத்ததைத்தான் செய்தார்கள். ஆனால் அந்தக் கூச்சல் பழைய கௌபாய் படங்களில் வருவது. இந்த நாட்டின் மூத்த குடிகளுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

நான்காம் ஆண்டில் வரலாறு தனிப் பாடமாக வந்துவிடுகிறது. அது பிள்ளைகள் நியாயம் அநியாயம் பேசத் தொடங்கும் வயது. ‘காட்டில் வாழ்வார்கள், வேட்டையாடுவார்கள்’ என்ற இரண்டு வரியோடு அவர்களை அனுப்பிவிடக் கூடாது. தீபகற்ப மலேசியாவின் ஓராங் அஸ்லி ஒரே இனமல்ல. நெகிரித்தோ, செனோய், மெலாயு புரோட்டோ என்று மூன்று பெரும் பிரிவுகள், அவற்றுக்குள் 18 இனங்கள் என்று அரசாங்கமே வகைப்படுத்தியிருக்கிறது. தெமியார், செமாய், ஜாஹாய், பத்தெக், ஜாகுன் என்று இனத்தின் பெயரைச் சொல்லிப் பேசினாலே வகுப்பில் பாதி மரியாதை வந்துவிடும்.

சிலாங்கூரின் கேரித் தீவு நம்மவர்கள் பலருக்குத் தெரிந்த இடம். அங்குள்ள தோட்டங்களில் நம் உறவுகள் உழைத்திருக்கிறார்கள். அதே தீவில்தான் அந்த 18 இனங்களில் ஒன்றான மா மெரி மக்களும் வாழ்கிறார்கள். ஆண்டுக்கு ஒருமுறை ஹாரி மோயாங் என்ற முன்னோர் திருநாளைக் கொண்டாடி முன்னோர்களுக்குப் படையல் வைப்பார்கள். இலை உடை என்று நாம் கேலி செய்கிறோமே, அன்றைக்கு அவர்கள் அணிவதைக் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். நீப்பா என்ற பனை வகையின் ஓலையை நறுக்கி, மடித்து, முறுக்கித் தலைக்குக் கிரீடமாகவும் மார்புக்குக் குறுக்கே பட்டையாகவும் பின்னியிருப்பார்கள். ஒவ்வொரு மடிப்பும் அளவு மாறாமல் இருக்கும். கோயில் திருவிழாவுக்குக் குருத்தோலைத் தோரணம் பின்னிய கைகளுக்கு அந்த வேலையின் அருமை உடனே புரியும். அப்புறம் அவர்களுடைய மரச்சிற்பங்கள். சதுப்புநிலக் காட்டில் வளரும் ஞீரே பாத்து மரத்தில் மோயாங் எனப்படும் முன்னோர் ஆவிகளின் உருவங்களைச் செதுக்குகிறார்கள். ஒவ்வொரு மோயாங்குக்கும் ஒரு கதை உண்டு. குப்பைப் பையைக் கிழிப்பதை விட்டுவிட்டு, மா மெரி அம்மா ஒருவரைப் பள்ளிக்கு அழைத்து, உரிய சன்மானம் கொடுத்து, பிள்ளைகளுக்கு ஓலை மடிக்கச் சொல்லித் தரச் செய்யலாமே! ஆறாம் ஆண்டுப் பிள்ளை அரை மணி நேரம் அவரோடு உட்கார்ந்தால் போதும், பிறகு எந்த மேடையிலும் அவரைக் கேலி செய்ய மனம் வராது.

எல்லாவற்றையும் மேடையேற்ற வேண்டியதும் இல்லை. தெமியார் மக்களின் செவாங் பாடல்கள் கனவில் ஆவிகள் தந்தவை என்பது அவர்கள் நம்பிக்கை. நோய் தீர வேண்டி நடத்தும் சடங்கு அது. அதைச் சினிமாப் பாட்டு மெட்டில் நடனமாக்கிக் காட்டுவது தப்பு. நம் சாமியாட்டத்தை யாராவது அப்படிச் செய்தால் சும்மா இருப்போமா?

கோலாலம்பூர் பிள்ளைகளுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த நகரத்தின் கதை என்றால் 1857இல் ஈயம் தேடி அம்பாங்குக்குப் போனவர்களிடமிருந்துதான் தொடங்குகிறோம். அதற்கு முன்பே ஓராங் அஸ்லியில் ஓர் இனமான தெமுவான் மக்கள் கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழ்ந்தார்கள். இன்றும் சிலாங்கூரில் இருக்கிறார்கள். டிங்கில் அருகே புக்கிட் தம்போயில் அவர்களின் நிலத்தில் சுமார் 38 ஏக்கரை 1995இல் விமான நிலைய நெடுஞ்சாலைக்காக அதிகாரிகள் எடுத்தார்கள். வீட்டுக்கும் பயிருக்கும் மட்டும் இழப்பீடு, நிலத்துக்கு இல்லை என்றார்கள். அந்த ஊர்த் தெமுவான்களான சகோங் தாசியும் மற்றவர்களும் வழக்குப் போட்டார்கள். 2002இல் உயர் நீதிமன்றம் அந்தப் பூர்வீக நிலம் அவர்களுக்கு உரியது என்று தீர்ப்பளித்தது. 2005இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. பதினொரு வயதுப் பிள்ளைக்கு இது புரியாதா? தாராளமாகப் புரியும். “இது யாருடைய நிலம்? எப்படித் தெரியும்?” என்று கேட்டுப் பாருங்கள், வகுப்பே பேசும்.

நாமும் குறைப்பட்டுக்கொள்கிறவர்கள்தானே? பாடநூலில் இந்தியர்களின் வரலாறு சில வரிகளில் முடிந்துவிடுகிறது, சயாம் மரண ரயில்பாதையில் மடிந்தவர்களைப் பற்றிப் போதிய பேச்சில்லை என்று எத்தனை கடிதங்கள் எழுதியிருக்கிறோம்! பால்மரம் வெட்டியவர்கள் என்ற ஒரே படத்துக்குள் நம்மை அடைத்தால் கோபம் வருகிறது, வரவும் வேண்டும். அப்படியானால் ஓராங் அஸ்லி மக்களைச் சும்பிட் என்ற ஊதுகுழல் ஆயுதத்தோடு நிற்கும் ஒரே படத்துக்குள் நம் பள்ளிகள் அடைக்கக் கூடாது. 2019 கேமரன் மலை இடைத்தேர்தலில் வென்ற ரம்லி முகமது நோர் ஓராங் அஸ்லி சமூகத்தின் முதல் நாடாளுமன்ற உறுப்பினர். முன்னாள் போலீஸ் அதிகாரியான அவர் 2022இல் மக்களவைத் துணைச் சபாநாயகரும் ஆனார். இதையும் பிள்ளைகள் தெரிந்துகொள்ளட்டும்.

பள்ளிகளுக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுச் சுற்றுலாவுக்குப் பேரங்காடியும் நீர்ப் பூங்காவும் போதும் என்று இருக்காமல் ஒருமுறை கோம்பாக் ஓராங் அஸ்லி அருங்காட்சியகத்துக்குப் போய் வாருங்கள். அவர்களின் கம்பத்துக்கே, அதாவது கிராமத்துக்கே, போவதானால் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். கேட்காமல் யாரையும் படம் பிடித்துப் புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) போடாதீர்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கூட்டிப் போங்கள்.

தங்கள் இதழுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. மாணவர் பகுதியில் வாரம் ஓர் இனம் என்று இந்த 18 இனங்களைப் பற்றியும் எழுதுங்கள். எழுதியதை அச்சேற்றும் முன் அந்தந்த இனத்தவர் ஒருவரிடம் காட்டி, சரிதானா என்று கேட்டுக்கொள்ளுங்கள். நம் ஆசிரியர்கள் வகுப்பில் பயன்படுத்தத் தமிழில் அப்படி ஒரு தொகுப்பு அவசியம் வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு தாய்,
செந்தூல், கோலாலம்பூர்