செம்பனை ஆலைகளின் நீராவி குளிரூட்டவும் உதவும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தெலுக் இந்தான் வட்டாரத்துச் செம்பனை ஆலையொன்றில் கொதிகலன் பிரிவில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் நான். ஆலையில் மிஞ்சும் நீராவியைக் கொண்டு குளிரூட்ட முடியும் என்பதைத் தோட்ட நிர்வாகங்களும், ஆலையை ஒட்டித் தொழிற்கூடம் அமைப்போரும் இன்னமும் போதிய அளவு கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை என்பதே என் வருத்தம்.

வெப்பத்தால் குளிர்ச்சி எப்படி வரும் என்று கேட்போர் உண்டு. உறிஞ்சு குளிர்விப்பான் (absorption chiller) எனும் இயந்திரத்தில், காற்றை முழுவதும் வெளியேற்றிய கலனுக்குள் தண்ணீர் ஏறத்தாழ 5 பாகை செல்சியசிலேயே ஆவியாகி, குழாய்களில் ஓடும் நீரின் சூட்டை எடுத்துக்கொள்கிறது. அந்த ஆவியை லித்தியம் புரோமைடு என்னும் உப்பின் கரைசல் உறிஞ்சிக்கொள்ள, நீர்த்துப்போன கரைசலை மீண்டும் காய்ச்சிச் செறிவாக்கவே நீராவி வேண்டியிருக்கிறது. கம்பிரசர் கிடையாது; மின்சாரம் சில பம்புகளுக்கு மட்டுமே போதும். 1998இல் திறக்கப்பட்ட கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையத்துக்கே இத்தகைய இயந்திரங்கள் குளிர்நீர் வழங்கின.

நம் ஆலைகளில் பழத்தின் நாரையும் கொட்டையின் ஓட்டையும் எரித்து எழுப்பும் நீராவி, மின்சாரம் எடுக்கும் டர்பைனைச் சுழற்றிவிட்டு ஏறத்தாழ 3 பார் அழுத்தத்தில் ஸ்டெரிலைசர்களுக்கு (பழக்குலைகளை வேகவைக்கும் கலன்களுக்கு) போகிறது. ஒரு டன் பழக்குலைக்குச் சுமார் அரை டன் நீராவி என்றால், மணிக்கு 45 டன் குலை அரைக்கும் ஆலையில் மணிக்கு ஏறத்தாழ 22.5 டன் நீராவி புழங்குகிறது. 100 டன் குளிர்விப்புத் திறன் (இங்கே டன் என்பது எடையல்ல, குளிர்விப்பின் அலகு) கொண்ட, கரைசலை ஒரே கட்டத்தில் காய்ச்சும் ஒற்றைக்கட்ட இயந்திரத்துக்கு மணிக்கு 850 கிலோ அளவுதான் தேவை. ஸ்டெரிலைசர்கள் நீராவி கேட்காத நேரங்களில் அதைவிடக் கூடுதலாகவே வானத்தில் விடுகிறோம். ஒரே வெப்பத்தை இரண்டு கட்டங்களில் பயன்படுத்தும் இரட்டைக்கட்ட இயந்திரம் ஏறத்தாழ பாதி நீராவியில் இயங்கும் என்றாலும், அதற்கு 8 பார் வேண்டும். டர்பைனுக்கு முன்னாலேயே நீராவியைப் பிரித்தெடுத்தால் மின்னுற்பத்தி குறையும். ஆகவே ஆலைக்கு ஒற்றைக்கட்டமே பொருந்தும் என்பது என் துணிபு.

ஆலை தனக்கு வேண்டிய மின்சாரத்தைத் தானே எடுப்பதால், அதன் சொந்த அலுவலகத்தைக் குளிரூட்டுவதில் பெரிய மிச்சம் இராது. பக்கத்திலுள்ள கையுறைத் தொழிற்சாலைக்கு லேட்டக்ஸ் தொட்டிகளைக் குளிர்விக்கக் குளிர்நீர் வேண்டும். எண்ணெய் சுத்திகரிப்புக் கூடங்களுக்கும் வேண்டும். உண்மையான பலன் அங்கேதான். மீனையும் இறைச்சியையும் உறைய வைக்க இது உதவாது, ஏனெனில் இதில் தண்ணீரே குளிர்பொருள்; அது 0 பாகையிலேயே உறைந்துவிடும்.

இடர்களையும் மறைக்கக் கூடாது. குளிர்கோபுரம் வெளியேற்ற வேண்டிய வெப்பம் கம்பிரசரால் இயங்கும் மின்குளிர்விப்பானோடு ஒப்பிட ஏறக்குறைய இரு மடங்கு என்பதால், தண்ணீர்ச் செலவும் கூடும். கலனுக்குள் காற்றுக் கசிந்தால் குளிர்ச்சி குறையும், உட்புறம் துருப்பிடிக்கும். கரைசல் அளவுமீறிச் செறிந்தால் உப்பு படிகமாக உறைந்து கரைசலின் ஓட்டமே நின்றுவிடும். பழ வரத்துக் குறையும் மாதங்களில் நீராவியும் குறையும் என்பதால், குளிர்நீர்ச் சேமிப்புத் தொட்டியும் துணைக்கு ஒரு மின்குளிர்விப்பானும் இருந்தாக வேண்டும்.

ஆதலால், புதிய மின்குளிர்விப்பானுக்கு ஆணை கொடுக்குமுன், ஆலை 3 பார் குழாயிலிருந்து வீணாக வெளியேற்றும் நீராவியை, வரத்து மிகுந்த மாதங்களிலும் குறைந்த மாதங்களிலும் மணிவாரியாக அளந்து பதிவுசெய்யுமாறு நிர்வாகங்களைக் கேட்டுக்கொள்கிறேன். கொதிகலன் சான்றிதழ் பெற்ற நம் இளைஞர்களுக்கு இந்த இயந்திரங்களின் வெற்றிடப் பராமரிப்பிலும் கரைசல் சோதனையிலும் பயிற்சி அளிக்கத் தொழில்நுட்பக் கல்லூரிகள் முன்வர வேண்டும்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற கொதிகலன் பணியாளர்,
தெலுக் இந்தான், பேராக்.