தலைவலிக்காகப் பட்டினி கிடக்காதே

கொழிஞ்சாம்பாறை

அன்புள்ள கண்ணு,

எடை குறைந்தால் தலைவலி போய்விடும் என்று ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்திவிட்டதாகப் போனில் சொன்னாய். முதலில் அதை விடு. வெறும் வயிறே ஒற்றைத் தலைவலியைக் கிளப்பிவிடும். ஏகாதசி விரதம் இருந்துவிட்டுத் தலையைப் பிடித்துக்கொண்டு படுப்பவர்கள் நம் ஊரில் எத்தனை பேர்! நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை கொஞ்சமாவது உள்ளே போகட்டும்.

எடைக்கும் இதற்கும் தொடர்பு இருப்பது உண்மைதான். ஆனால் உன் எடையால் வந்த நோய் இல்லை இது. பெரும்பாலும் பரம்பரையாக வருவது. எடை கூடினால் அடிக்கடி வரும், அவ்வளவுதான். கொழுப்பு சும்மா கிடப்பதில்லை. வீக்கத்தைத் தூண்டும் பொருள்களை ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கும்; ஏற்கெனவே கூச்சம் மிகுந்த தலை நரம்புகள் அதனால் இன்னும் சீண்டப்படுகின்றன என்று கருதுகிறார்கள். குழந்தை பெறும் வயதுப் பெண்களிடம்தான் இந்தத் தொடர்பு பலமாகத் தெரிகிறது. அளவுக்கு மீறி மெலிந்தவர்களுக்கும் வாய்ப்பு சற்றுக் கூடுதல் என்பதையும் மறக்காதே.

உன் உயரம் 158 செ.மீ., எடை 72 கிலோ. கிலோவை மீட்டர் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் ஏறக்குறைய 29; இதைத்தான் பி.எம்.ஐ. என்கிறார்கள். நம் நாட்டவருக்கு 23க்கு மேல் போனாலே அதிகம், 25க்கு மேல் உடல்பருமன். இப்போதைக்கு நாலு கிலோ போதும், மாதம் இரண்டு கிலோ வீதம். மட்டை அரிசிச் சோற்றை விட வேண்டாம், பாதியாக்கு. அந்த இடத்தில் பயறும் கூட்டும் வை. சாயங்காலப் பழம்பொரிக்குப் பதில் வேகவைத்த கடலை. காப்பியைத் திடீரென்று நிறுத்தாதே, அதுவும் தலைவலி கொடுக்கும். தினமும் ஒரே நேரத்தில் இரண்டு தம்ளர், அதோடு சரி.

ஸ்வீடனில் நடந்து 2011இல் வெளியான ஓர் ஆய்வில், வாரம் மூன்று நாள் 40 நிமிடம் சைக்கிள் மிதித்தவர்களுக்கும் ஒற்றைத் தலைவலி வராமல் தடுக்கும் டோபிராமேட் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் தலைவலி வருவது ஏறத்தாழ ஒரே அளவில் குறைந்தது. நீ வேகமாக நடந்தாலும் நல்லதுதான். எடுத்த எடுப்பில் ஓடினால் வலி வந்துவிடும். முதல் பத்து நிமிடம் மெதுவாக நட, கிளம்பும் முன் தண்ணீர் குடி.

மாத்திரையை நிறையப் பேர் கவனிப்பதில்லை. வலி வராமல் தடுக்கத் தரும் ஃப்ளூனாரிசின், அமிட்ரிப்டிலின், வால்ப்ரோயேட் மூன்றுமே எடையை ஏற்றக்கூடியவை. சீட்டில் இருக்கிறதா என்று பார். இருந்தால் நீயாக நிறுத்தாமல் டாக்டரிடம் கேள். டோபிராமேட் பசியைக் குறைக்கும், ஆனால் விரல் மரத்துப்போகும், சிறுநீரகக் கல் வரலாம், கர்ப்பத்தில் குழந்தைக்கு ஆகாது. வால்ப்ரோயேட்டும் கர்ப்பத்துக்கு ஆகாது. கல்யாணப் பேச்சு நடக்கிற நேரம், இதை டாக்டரிடம் வாய்விட்டுச் சொல், வெட்கப்படாதே. வலி வந்தபின் போடும் பாராசிட்டமாலை மாதம் 15 நாளும், ஒற்றைத் தலைவலிக்கென்றே தரும் டிரிப்டான் வகை மாத்திரையை 10 நாளும் தொட்டால் மாத்திரையே தலைவலியை வளர்க்கும். காலண்டரில் வலி வந்த நாளை வட்டமிடு, மாத்திரை போட்ட நாளுக்குப் பக்கத்தில் புள்ளி வை.

குனியும்போது கண் ஒரு நொடி இருண்டாலோ, நாடித்துடிப்போடு காதில் இரைச்சல் கேட்டாலோ, படுத்தால் வலி கூடினாலோ அது ஒற்றைத் தலைவலியாக இல்லாமல் இருக்கலாம். எடை கூடிய இளம்பெண்களுக்கு மூளையைச் சுற்றியுள்ள நீரின் அழுத்தம் ஏறுவதுண்டு. விட்டால் பார்வையே போகலாம். அப்படி ஏதும் தெரிந்தால் அன்றைக்கே கண் டாக்டரிடம் போய்க் கண் நரம்பைப் பார்க்கச் சொல். போனதும் எனக்குப் போன் பண்ணு.

அன்புடன்
அப்பா