கை எந்த உயரத்தில் நிற்க வேண்டும்

அன்புள்ள மகளுக்கு,

மே மாத நடுவில் தாய்லாந்தின் சியாங் மாயில் நீ ஆசிரியராகச் சேரப்போகும் பள்ளி திறந்துவிடும். அதற்குள் இதைப் படித்து, கண்ணாடி முன்னால் நின்று பழகிக்கொள். தாய்லாந்து மொழி மெல்ல வரட்டும். கைகால் ஒழுங்கை முதல் நாளே பார்ப்பார்கள்.

அவர்கள் கும்பிடுவதற்கு 'வாய்' என்று பெயர். பெயர்தான் வாய், வேலை முழுக்கக் கைக்கு. நம் வணக்கம் மாதிரியே இருப்பதால் நமக்குத் தெரிந்ததுதானே என்று தோன்றும். தப்பு அங்கேதான் நடக்கும். நாம் எல்லோருக்கும் நெஞ்சுக்கு நேரே கைகூப்பிவிடுவோம். அங்கே எதிரே நிற்பவர் யார் என்பதை வைத்துக் கையின் உயரம் மாறும். புத்தர் சிலைக்கும் பிக்குவுக்கும் கட்டைவிரல் புருவ நடுவில் பட வேண்டும், ஆள்காட்டி விரல் நுனி முடி தொடங்கும் இடத்தைத் தொடும். பெற்றோர், ஆசிரியர் என்றால் கட்டைவிரல் மூக்கு நுனிக்கு இறங்கும். மற்ற பெரியவர்களுக்கு மோவாய். சமவயதுக்காரர்களுக்கு நெஞ்சு போதும்.

உள்ளங்கைகளைத் தட்டையாக அழுத்தாதே. நடுவில் கொஞ்சம் இடம் விட்டால் தாமரை மொட்டு மாதிரி வரும். விரல்கள் சேர்ந்திருக்கட்டும், முழங்கை விலாவை ஒட்டியிருக்கட்டும். கையை நெஞ்சருகே கொண்டுவந்துவிட்டு, தலையைக் குனிந்து கையிடம் கொண்டுபோ. புதிதாகப் போகிறவர்கள் தலையை நிமிர்த்தி வைத்துக்கொண்டு கையை மட்டும் மேலே தூக்குவார்கள். அது பார்க்கக் கேலி மாதிரி இருக்கும். பெண்கள் பெரியவர்களுக்கு வணங்கும்போது ஒரு காலைச் சற்றுப் பின்னால் வைத்து முழங்காலை மடிப்பது வழக்கம். கூடவே 'சவாத்தீ கா' சொல். நம் 'சுவஸ்தி'தான் அது. 1930களில் சூலாலங்கோன் பல்கலைக்கழகத்தில் தொடங்கி, 1943-இல் அரசே முகமன் சொல்லாக அறிவித்தது. கையில் போனையோ பேனாவையோ இடுக்கிக்கொண்டு வணங்காதே. கை நிறையச் சாமான் இருந்தால் தலையை மட்டும் தாழ்த்து, யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

இளையவர்தான் முதலில் வணங்க வேண்டும். ஆகவே தலைமையாசிரியரையும் உன்னைவிட மூத்த ஆசிரியர்களையும் கண்டால் நீ முந்திக்கொள். மாணவர்களுக்கு நீயாக முதலில் கைகூப்பாதே. அவர்கள் வணங்கினால் நெஞ்சளவில் கைகூப்பி ஏற்றுக்கொள், அல்லது சிரித்துத் தலையசை. கடைக்காரருக்கும் ஓட்டலில் பரிமாறுபவருக்கும் அப்படியே. மரியாதை அதிகமானால் என்ன குறைந்துவிடும் என்று நினைப்பாய், எதிராளிக்குக் கூச்சமாகிவிடும். பிக்கு திருப்பி வணங்க மாட்டார், மனம் கோணாதே.

ஜூன் மாதத்தில், பெரும்பாலும் ஒரு வியாழக்கிழமை, 'வாய் க்ரூ' என்ற ஆசிரியர் வணக்க விழா நடக்கும். உன்னையும் 'க்ரூ' என்றுதான் அழைப்பார்கள், நம் குருதான். வியாழனுக்கு அவர்கள் பெயரும் பிரகஸ்பதியின் பெயரே. பிள்ளைகள் முழந்தாளிட்டு நகர்ந்து வந்து, உயரமான கிண்ணத்தட்டில் பூ அலங்காரம் வைத்து நீட்டுவார்கள். அதில் அருகம்புல், இட்லிப்பூ, கத்தரிப்பூ இருக்கும். அருகு எங்கும் படரும், அறிவும் அப்படிப் படர வேண்டும். இட்லிப்பூவுக்கு அவர்கள் மொழியில் ஊசி என்று பெயர், மொட்டு அவ்வளவு கூர்மை, புத்திக்கு அது. கத்தரிப்பூ காய் பிடிக்கும்போது தலை கவிழும், அது பணிவுக்கு. உன் காலடியில் பிள்ளை குனிந்ததும் பதறி எழுந்து தூக்கிவிடப் போகாதே. நாற்காலியிலேயே இருந்து, இரண்டு கையாலும் தட்டை வாங்கிப் பக்கத்தில் வை. நம் வழக்கத்தில் தலையில் கைவைத்து வாழ்த்தவும் வேண்டாம். அங்கே தலைதான் உடம்பில் உயர்ந்த இடம், சும்மா தொடக் கூடாது. வகுப்பில் ஒரு பிள்ளையின் தலைக்கு மேலே கைநீட்டி எதையாவது எடுக்க நேர்ந்தாலும் 'கோ தோட் கா' என்று மன்னிப்புக் கேட்டுக்கொள்.

கால் அதற்கு நேர்மாறு. பாதத்தை யாரையும் நோக்கி நீட்டாதே, காலால் கதவைத் தள்ளாதே, தரையில் கிடக்கும் புத்தகத்தையோ பையையோ தாண்டாதே. உருண்டு ஓடும் காசைக் காலால் மிதித்து நிறுத்தவே கூடாது, அதில் அரசர் உருவம் இருக்கிறது. அரச குடும்பத்தைப் பற்றிய பேச்சிலும் வாயை அடக்கு. குற்றவியல் சட்டத்தின் 112ஆம் பிரிவில் மூன்று முதல் பதினைந்து ஆண்டு வரை சிறை உண்டு. காலை 8 மணிக்கும் மாலை 6 மணிக்கும் தேசிய கீதம் கேட்டால் இருந்த இடத்திலேயே நில்.

உட்காருவதுதான் உனக்குக் கஷ்டமாக இருக்கும். விகாரையில் பெண்கள் சம்மணம் போடுவதில்லை; 'பப் பியப்' என்று, இரண்டு காலையும் ஒரே பக்கம் மடித்து, பாதம் பின்பக்கம் பார்க்க உட்கார வேண்டும். பத்து நிமிடத்தில் மரத்துப்போகும். பக்கம் மாற்ற, கைகளை முன்னால் ஊன்றி முழங்காலில் லேசாக எழுந்து, பாதங்களைப் பின்னாலேயே மறுபக்கம் கொண்டுபோ. முன்பக்கமாகச் சுற்றினால் பாதம் சிலையைப் பார்த்துவிடும். தினம் வீட்டில் கால்மணி நேரம் பழகு.

பிக்குவுக்கு எதையும் நேராகக் கையில் கொடுக்காதே. பெண்கள் கொடுத்தால் அவர் ஒரு துணியை விரித்து அதன் ஓரத்தைப் பிடித்துக்கொள்வார். பொருளை அதன்மேல் வைத்துக் கையை எடுத்துவிடு. பேருந்தில் அவர் பக்கத்து இருக்கையிலும் உட்காராதே. மற்ற பெரியவர்களுக்குக் கொடுக்கும்போது வலக்கையால் கொடு, இடக்கை வலது முழங்கையைத் தாங்கட்டும். உட்கார்ந்திருக்கும் மூத்தவர்களைக் கடந்து போனால் தோளைத் தாழ்த்திக்கொண்டு போ. யாரையாவது கூப்பிட உள்ளங்கையைக் கீழ்நோக்கி வைத்து விரல்களை அசை. ஒற்றை விரலால் சுட்டாதே.

பள்ளிக்குப் பாவாடை தைக்கக் கொடுக்கும்போது முழங்காலுக்குக் கீழே நாலு விரற்கடை இருக்கட்டும், பக்கத்துப் பிளவு வேண்டாம், இறுக்கமாகவும் வேண்டாம். இறுக்கமாக இருந்தால் பப் பியப் வராது. செருப்பும் வார் இல்லாததாக வாங்கு. ஒரு நாளைக்கு எத்தனை வாசலில் கழற்ற வேண்டியிருக்குமோ.

அன்புடன்,
அப்பா