பெஞ்சுக்குப் போன பையன்

சார்லட்,
25 செப்டம்பர் 2024

அன்புள்ள முரளி,

இத்தனை நாள் பதில் போடாததற்குச் சோம்பல் என்று எழுதிவிட்டுத் தப்பித்துக்கொள்ளலாம். உண்மையான காரணம் உனக்கே தெரியும். ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும் உங்கள் ஹூஸ்டன் அணியின் ஸ்ட்ரவுட்டின் புள்ளிவிவரத்தைப் பின்குறிப்பாக எழுதி அனுப்பினால் எவன் பதில் போடுவான்? அம்மாவுக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது. நண்டு வேலை மாறிவிட்டான். சம்பளம் கூடியிருக்கிறது, புலம்பல் குறையவில்லை. நலம் விசாரிப்பு இத்துடன் முற்றிற்று.

அமெரிக்கக் கால்பந்தில் எங்கள் கரோலினா பாந்தர்ஸ் அணியில் எங்கள் பையனை உட்கார வைத்துவிட்டார்கள். 2023 டிராஃப்டில் (அணிகள் புதிய வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுப்பது) முதல் ஆளாக எடுத்த குவார்ட்டர்பேக், அதாவது பந்தை வீசி ஆட்டத்தை நடத்துபவன், பிரைஸ் யங், இரண்டாவது பருவம் தொடங்கி இரண்டே ஆட்டங்களில் பெஞ்சுக்குப் போய்விட்டான். நீ சிரிப்பது இங்கே கேட்கிறது. சிரித்து முடித்துவிட்டு மேலே படி.

சார்ஜர்ஸ் ஆட்டத்துக்கு நான் நேரில் போயிருந்தேன். 26-3 என்று தோற்றோம். அன்று முழுவதும் அவன் வீசிச் சேர்த்தது 84 கஜம். நான் பந்தைப் பார்க்கவில்லை, அவன் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். பந்து கைக்கு வந்ததும் பின்னால் நகர்ந்து, பாதத்தை ஊன்றி, வீச வேண்டும். இவன் ஊன்றுவதே இல்லை. அருகில் ஒருவரும் வராதபோதும் குதிகால் தரையில் படாமல் துடிக்கிறது. ஆள் வரப்போகிறான் என்று உடம்பு முன்கூட்டியே முடிவு செய்துவிடுகிறது. முதல் பருவத்தில் 62 முறை பந்தோடு அமுக்கப்பட்டவனுடைய கால்கள் வேறு எப்படி இருக்கும்? சுற்றியிருந்தவர்கள் ஊளையிட்டார்கள். எனக்கு வாயே வரவில்லை. 23 வயது, முரளி. நம் அணியில் சேகரை முதல் ஆட்டத்திலேயே முதல் பந்துக்கு அனுப்பினோமே, அந்த நினைப்பு வந்துவிட்டது. அதற்குமேல் எழுத வேண்டாம்.

புதியவனை எடுத்த எடுப்பிலேயே இறக்குவதா, ஓராண்டு உட்கார வைத்துப் பழக்குவதா என்று ஊரெல்லாம் சண்டை. இங்கே அலுவலகத்தில் கான்சஸ் சிட்டியின் மஹோம்ஸ் பெயரைச் சொல்லாமல் யாரும் காபி குடிப்பதில்லை. 2017 முழுக்க அலெக்ஸ் ஸ்மித்துக்குப் பின்னால் இருந்தான், கடைசி வாரம் ஓர் ஆட்டம் ஆடினான், அடுத்த ஆண்டு 50 டச்டவுன் (எதிரணியின் எல்லைக்குள் பந்தைச் சேர்ப்பது) வீசினான். ஆனால் எனக்குச் சுவாரசியம் அந்த ஸ்மித்தின் மேல்தான். 2005இல் முதல் ஆளாக எடுக்கப்பட்டவர் அவர். சான் பிரான்சிஸ்கோ அந்த ஆண்டே களத்தில் இறக்கியது: ஒரு டச்டவுன், எதிரணிக்குப் போன வீச்சுகள் 11. அதே டிராஃப்டில் 24ஆவதாகப் போன ராட்ஜர்ஸ், கிரீன் பே அணியில் ஃபாவ்ருக்குப் பின்னால் மூன்று ஆண்டு பொறுமையாக உட்கார்ந்தார். பிறகு எவ்வளவு உயர்ந்தார் என்பது உனக்குத் தெரியும்.

அப்படியானால் உட்கார வைப்பதுதான் சரி என்று சொல்லிவிடலாமா? முடியாது. இண்டியானாபொலிஸின் மானிங் இருக்கிறாரே. 1998இல் அத்தனை ஆட்டமும் ஆடி 28 வீச்சுகளை எதிரிக்குத் தாரை வார்த்தார். அணிக்கு 3 வெற்றி, 13 தோல்வி. மறு ஆண்டு 13-3! போதாக்குறைக்கு, இப்போது யங்கின் இடத்தில் ஆடும் ஆண்டி டால்டனே 2011இல் முதல் வாரத்திலிருந்து ஆடி சின்சினாட்டியை பிளேஆஃபுக்குக் கொண்டுபோனவர். அங்கே அவரைத் தோற்கடித்தது உங்கள் ஹூஸ்டன்தான், மகிழ்ந்துகொள்.

எனக்கு என்ன தோன்றுகிறது என்றால், பையனின் தலைக்கவசத்துக்குள் கேட்கும் குரலைப் பார்க்க வேண்டும். அடுத்து என்ன ஆட வேண்டும் என்று சொல்லும் பயிற்சியாளரின் குரல், ஆட்டத்தைத் தொடங்க 15 விநாடி மீதியிருக்கும்போது அறுந்துவிடும். அதற்குப் பிறகு எதிரே நிற்கும் பதினொரு பேரைப் படித்து அவன் தனியாகத்தான் முடிவெடுக்க வேண்டும். அந்தக் குரல் நிலையாக இருந்தால், குரல் அறுந்த பின்னும் அது சொல்லிக்கொடுத்தது உள்ளே ஒலிக்கும். மானிங்குக்குப் பயிற்சியாளர் மாறவில்லை. ஸ்மித்துக்கோ ஆண்டுக்கொரு குரல். யங்குக்கு என்ன நடந்தது? தலைமைப் பயிற்சியாளர் ரைக் முதலில் தானே அந்தக் குரலாக இருந்தார். பிறகு அந்தப் பொறுப்பை உதவியாளரிடம் கொடுத்தார். பிறகு திரும்ப வாங்கிக்கொண்டார். 11 ஆட்டங்களில் ரைக்கையே வீட்டுக்கு அனுப்பினார்கள். இந்த ஆண்டு புதுப் பயிற்சியாளர் கனாலெஸ். இருபது மாதம்கூட ஆகவில்லை, பையன் எத்தனை பேருக்குத் தலையாட்டியிருக்கிறான் பார். உன் ஸ்ட்ரவுட்டுக்கு முதல் நாள் முதல் ஸ்லோவிக் என்ற ஒரே குரல்தான். அவன் திறமைசாலி, மறுக்கவில்லை. ஆனால் குழந்தையைத் தொட்டிலில் போட்டு வளர்த்தீர்கள். நாங்கள் சந்தையில் போட்டோம்.

சரி, பேசாமல் டால்டனை ஆடவிட்டு யங்கை அந்த முதல் ஆண்டு உட்கார வைத்திருக்கலாமே என்பாய். அதைத்தான் செய்திருக்க வேண்டும் என்பது என் கட்சியும். ஆனால் அவனுக்காகப் பந்து பிடிக்கும் வீரன் டி.ஜே. மூர், டிராஃப்டின் 9ஆவது தேர்வு, 61ஆவது தேர்வு, 2024இன் முதல் சுற்று, 2025இன் இரண்டாவது சுற்று எல்லாவற்றையும் சிகாகோவுக்கு வாரிக் கொடுத்த முதலாளி, பையன் பெஞ்சில் தண்ணீர் குடிப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பாரா? ஒப்பந்தமும் நான்கு ஆண்டுதான், ஐந்தாவது அணியின் விருப்பம். மலிவாகக் கிடைக்கும் ஆண்டுகளில் ஒன்றை வீணாக்க எவனுக்கும் மனம் வராது. அவனை அடிபடாமல் காக்க ராபர்ட் ஹன்ட், டேமியன் லூயிஸ் என்று பெருந்தொகை கொடுத்து இந்த ஆண்டு வாங்கியிருக்கிறார்கள். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

போன ஞாயிறு டால்டன் லாஸ் வேகஸில் அதே ஆட்களை வைத்துக்கொண்டு 319 கஜம், மூன்று டச்டவுன் வீசி 36-22 என்று ஜெயித்துவிட்டார். எல்லோரும் ‘பையன்தான் கோளாறு’ என்று தீர்ப்பு எழுதிவிட்டார்கள். பதினான்காவது பருவம் ஆடுகிறவரோடு ஒப்பிட்டுத் தீர்ப்பு! மஹோம்ஸ் உட்கார்ந்தபோது அவனை யாரும் தோற்றவன் என்று சொல்லவில்லை. இவன் அறையப்பட்ட பிறகு உட்கார்கிறான். அதற்குப் பெயர் பழக்குவது அல்ல. ஆனாலும் ஒரு நப்பாசை: இனிமேலாவது ஞாயிறுதோறும் அடிபடாமல், ஒரே குரலைக் கேட்டுக்கொண்டு, அந்தக் குதிகாலைத் தரையில் வைக்கக் கற்றுக்கொள்வானா?

வரும் ஞாயிறு சின்சினாட்டி இங்கே வருகிறது. டால்டனுக்குப் பழைய வீடு. டிக்கெட் எடுத்துவிட்டேன், வீட்டில் இன்னும் சொல்லவில்லை. போன அக்டோபரில் இதே மைதானத்தில் 15-13 என்று உங்களைத் தோற்கடித்தது யங்தான் என்பதை உன் அடுத்த பின்குறிப்பில் சேர்த்துக்கொள். நண்டின் புது முகவரியைத் தனியாக அனுப்புகிறேன்.

உன்,
சந்துரு