எடை குறைக்கப் பட்டினி வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

உடல் எடையைக் குறைப்பதற்காகச் சோற்றை முற்றாக நிறுத்திவிட்டு, தூள் கரைத்த பானங்களை மட்டுமே நம்பியிருக்கும் பழக்கம் எங்கள் திருகோணமலையிலும் காணப்படுகிறது. ஈராண்டுகளுக்கு முன்பு நானும் அவ்வாறு பத்து நாட்கள் இருந்து மூன்று கிலோ குறைந்தேன். தசையிலும் ஈரலிலும் சேமிக்கப்பட்டிருந்த மாச்சத்தோடு சேர்ந்து வெளியேறிய நீரே அதில் பெரும்பகுதி என்பது, மறுமாதமே அந்த மூன்று கிலோவும் திரும்பி வந்த பிறகுதான் எனக்கு விளங்கியது.

பின்பு என் தேநீரைக் கணக்குப் பார்த்தேன். நாளொன்றுக்கு ஐந்து கோப்பை, ஒவ்வொன்றிலும் மூன்று தேக்கரண்டி சீனி என்றால் ஏறத்தாழ 60 கிராம், அதாவது 240 கலோரி. அதனை ஒரு தேக்கரண்டியாக்கி, காலையில் வெள்ளைப் பாணுக்குப் பதிலாகக் குரக்கன் பிட்டும், மதியம் வழமையில் பாதியளவு சிவப்பரிசிச் சோற்றோடு சூடை மீன் குழம்பும் வல்லாரைச் சம்பலும் உண்டு, மாலையில் உவர்மலையிலிருந்து கடற்கரை வரை நடந்து வந்ததில், எட்டு மாதங்களில் ஆறு கிலோ குறைந்தது. உலக சுகாதார நிறுவனம் வளர்ந்தோருக்குப் பரிந்துரைப்பதும் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடற்பயிற்சியே (கொத்துரொட்டியை நான் முற்றாகக் கைவிட்டுவிடவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்).

நீரிழிவுக்கு மருந்து எடுப்போர் வேளை உணவைத் தவிர்த்தால் இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழக்கூடும் என்பதால், உள்ளூர் உணவுகளை வைத்தே போசணை ஆலோசகர்கள் எழுதும் குறிப்புகளைத் தங்கள் பத்திரிகை வாரந்தோறும் வெளியிடுமாறு வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
திருகோணமலை.