நம்ம கம்பெனி மேனேஜ்மென்ட்டுக்கு, சாஃப்ட்வேர் கோடு எழுதறவங்க சார்பா ஒரு திறந்த மடல்

எல்லாருக்கும் வணக்கம்.

வருஷா வருஷம் அட்டையில இலை படம் போட்டு சஸ்டெய்னபிலிட்டி ரிப்போர்ட் விடறீங்க, நெட் ஜீரோவுக்கு (வெளிய விடற கார்பனும் ஈடுகட்டறதும் சமமாகறதுக்கு) ஒரு வருஷத்தையும் குறிச்சு வச்சிருக்கீங்க, சந்தோஷம். ஆனா அதுக்கான வேலைன்னு ஒண்ணுகூட இதுவரைக்கும் எங்க ஸ்பிரின்ட்டுக்குள்ள, அதான் சில வாரத்துக்கு ஒருதரம் போடற வேலைப் பட்டியலுக்குள்ள, வந்ததில்லை. அதைக் கேக்கத்தான் இந்த லெட்டர்.

நாங்க பாத்துக்கற ஒரு சைட்டோட முகப்பை எடுத்துக்கங்க. ஒரு போட்டோ, ஸ்க்ரீன்ல தெரியறது 300 பிக்சல் அகலம், சர்வர்லேர்ந்து வர்றது 4000 பிக்சல், கேமராவுலேர்ந்து எடுத்தது அப்படியே. மேல யாரும் கேக்காமலே தானா ஓடற வீடியோ. அடியில, வர்றவங்க என்ன பாக்கறாங்கன்னு கவனிக்கற டிராக்கிங் ஸ்கிரிப்ட் வரிசையா நிக்குது, அதுல பாதி எந்த கேம்பெயினுக்குப் போட்டதுன்னு மார்க்கெட்டிங்லயே யாருக்கும் தெரியல, போட்டவர் வேலையை விட்டே போயாச்சு. படத்தைச் சின்னதாக்கி வெப்பிங்கற லேசான ஃபார்மேட்டுக்கு மாத்தி, கீழ இருக்கறதுக்கு லேசி லோடிங் (ஸ்க்ரோல் பண்ணி வந்தா மட்டும் இறங்கறது) போட்டு, செத்த ஸ்கிரிப்ட்டையெல்லாம் தூக்கினா பாதிக்கு மேல கனம் குறையும். இதைச் செய்யணும்னு டிக்கெட் போட்டோம், பேக்லாக்ல, அதான் பின்னாடி பாத்துக்கலாம்ங்கற லிஸ்ட்ல, அடியில கிடக்கு. ஆனா எல்லா பேஜ்லயும் ஏஐ சாட்பாட் வைக்கணும்னு ஆர்டர் வந்தப்ப மட்டும் அந்த ஸ்பிரின்ட்லயே இடம் கிடைச்சுது பாருங்க!

ஒரு பேஜ்ல என்ன போயிடப் போகுதுன்னு கேப்பீங்க. வெப் பேஜோட அளவையெல்லாம் பதிவு பண்ற எச்டிடிபி ஆர்க்கைவ் கணக்குல 2011ல ஒரு சாதாரண வெப் பேஜ் அரை எம்பி சுத்தி இருந்துச்சு, இப்ப 2 எம்பியைத் தாண்டிடுச்சு. டவுன்லோடுக்கு ஆகற கரண்ட் மட்டும் இல்ல, இவ்வளவு ஜாவாஸ்கிரிப்ட்டை இழுக்க முடியாம பழைய போன் திணறும், ஸ்லோவா இருக்குன்னு ஜனங்க புதுசு வாங்குவாங்க, ஒரு போனோட மொத்த கார்பன்ல பெரும்பங்கு அதைத் தயாரிக்கறப்பவே வந்துடுது. நம்ம ரிப்போர்ட்ல இந்தக் கணக்குக்கு ஒரு வரிகூட இல்ல.

படத்தைச் சுருக்கினா உலகம் பொழச்சுடும்னு நாங்களும் நம்பல. 2024ல உலகத்துல சர்வரெல்லாம் வச்சிருக்கற டேட்டா சென்டர் எல்லாம் சேர்ந்து சுமார் 415 டெராவாட் ஹவர் கரண்ட் குடிச்சிருக்குன்னு சர்வதேச எரிசக்தி முகமை சொல்லுது, உலகத்து மொத்த கரண்ட்ல ஒண்ணரை சதவீதம். கூகுளோட கார்பன் எமிஷன் 2019லேர்ந்து 2023க்குள்ள 48 சதவீதம் ஏறிடுச்சு, அதை அவங்க ரிப்போர்ட்லயே போட்டிருக்காங்க. அதனால எந்த ஹோஸ்டிங் எடுக்கறோம், அந்த சர்வருக்கு எங்கேருந்து கரண்ட் வருது, கச்சா எண்ணெய் எடுக்கற கம்பெனிக்கு சாஃப்ட்வேர் எழுதித் தரலாமான்னு முடிவு பண்ற மீட்டிங்லயும் எங்களுக்கு ஒரு சீட் வேணும். புதுசா ஒண்ணும் கேக்கல, எண்ணெய் எடுக்கறதுக்குன்னு தனியா ஏஐ செஞ்சு தரமாட்டோம்னு 2020ல கூகுளே சொல்லியிருக்கு.

வேலை செய்யறவங்க சேர்ந்து கேட்டா நடக்கும். 2019ல அமேசான்ல 8,700 பேருக்கு மேல, கம்பெனிக்கு ஒரு காலநிலைத் திட்டம் வேணும்னு கேட்ட மடல்ல கையெழுத்து போட்டாங்க, செப்டம்பர் 20ஆம் தேதி வெளிநடப்புன்னு அறிவிச்சாங்க, அதுக்கு முதல் நாள்தான் 2040க்குள்ள நெட் ஜீரோன்னு அப்போதைய அமேசான் சிஇஓ ஜெஃப் பெசோஸ் மைக்கைப் பிடிச்சாரு. ஆனா அடுத்த வருஷமே இப்படிக் கேட்ட ஊழியர் அமைப்புல முன்ன நின்ன ரெண்டு பேரை வேலையை விட்டு அனுப்பினாங்க, அது தப்புன்னு அமெரிக்கத் தொழிலாளர் வாரியம் சொல்லி, 2021ல செட்டில்மென்ட் ஆச்சு.

எங்களுக்கு வேண்டியது இவ்வளவுதான். ஒவ்வொரு சைட்டோட பேஜுக்கும் இத்தனை கிலோபைட்தான்னு ஒரு வரம்பு, தாண்டினா பில்டு, அதான் சைட்டை வெளியிடத் தயார் பண்ற படி, ஃபெயில் ஆகணும், டெஸ்ட் ஃபெயில் ஆனா ரிலீஸ் நிக்குதில்ல, அதே மாதிரி. இந்த வேலை ஆபீஸ் நேரத்துல நடக்கணும், ராத்திரி வீட்ல உக்காந்து ஆர்வத்துல பண்றதா இருக்கக்கூடாது. நேச்சர் வாக், செடி நடற நாள் எல்லாம் நடத்துங்க, வர்றோம், ஆனா அதை இதுல கணக்கு வைக்காதீங்க.

அடுத்த குவார்ட்டர் பிளானிங்குக்கு முன்னாடி பதில் வேணும். கீழ யார் பேரும் இல்லாததுக்குக் காரணம் அந்த ரெண்டு பேருக்கு நடந்ததுதான். இதைப் பத்திப் பேசறதுக்காக யாரோட அப்ரெய்சல்லயும் கை வைக்கமாட்டோம்னு ஹெச்ஆர் எழுத்துல கொடுக்கட்டும், மறுநாளே எல்லாரும் பேர் போட்டு அனுப்பறோம்.